கெய்ச்சி சுச்சியா

கெய்ச்சி சுச்சியா (பிறப்பு: ஜனவரி 30, 1956) ஜப்பான் நாட்டைச் சேர்ந்த முன்னாள் தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். பந்தய வர்ணனையாளராகவும், டிரிஃப்ட் எனப்படும் சறுக்கு ஓட்டப் போட்டிகளின் நடுவராகவும் அறியப்படுபவர். ஜப்பானிய மொழியில் இவர் "டோரிகின்" என்று அழைக்கப்படுகிறார். இது "டிரிஃப்ட்", "கிங்" என்ற இரு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் ஒலிக்கும் முறையில் சுருக்கி இணைத்த பெயராகும். சறுக்கு ஓட்ட மன்னன் என்பது இதன் பொருள்.

1995 ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெற்ற லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜிடி2 பிரிவில் வெற்றி பெற்ற அணியில் இவர் இடம்பெற்றார். 1999 இல் அதே பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பெற்றார். எனினும் இவரது பெயர் அதிகம் பேசப்படுவது வேறொரு காரணத்தால் ஆகும். மலைச் சாலைகளில் இரவு நேரங்களில் சட்டத்திற்குப் புறம்பாக நடந்துவந்த ஓர் ஓட்டமுறையைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டுவந்து, விதிகளும் நடுவர்களும் உள்ள ஒரு விளையாட்டாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக்காலம்

சுச்சியா மத்திய ஜப்பானின் நாகனோ மாகாணத்தில், இன்று தோமி நகரம் என வழங்கும் பகுதியில் பிறந்தார். மலைகள் சூழ்ந்த மாகாணம் இது. அண்டை மாகாணமான குன்மாவுக்கும் இதற்கும் இடையே உள்ள உசுயி கணவாய் வாகன ஆர்வலர்களிடையே புகழ் பெற்றதாகும். இக்கணவாயின் பழைய சாலையில் 184 வளைவுகள் உள்ளன. இத்தகைய மலைச் சாலைகளை ஜப்பானியர் "தோகே" என்பர்.

பந்தய ஓட்டுநர்கள் பலர் சிறு வயதிலேயே கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகளில் பயிற்சி பெற்று, படிப்படியாக உயர்ந்த பிரிவுகளுக்குச் செல்வது வழக்கம். இதற்கு மிகுந்த பொருட்செலவு ஆகும். சுச்சியாவின் பயிற்சிக்களம் மலைச் சாலைகளாக இருந்தது. பின்னாளில் இவருக்குக் கிடைத்த புகழுக்கும், இவர் சந்தித்த சிக்கல்களுக்கும் இதுவே தொடக்கமாகும்.

டிரிஃப்ட் என்னும் ஓட்டமுறை

வாகனம் வளைவில் திரும்பும்போது அதன் டயர்கள் சாலையைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பின் சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் வாகனத்தின் பின்பகுதி வெளிப்புறமாகச் சறுக்கும். சாதாரண ஓட்டுநருக்கு இது விபத்தின் தொடக்கம். இச்சறுக்கலை வேண்டுமென்றே ஏற்படுத்தி, வளைவு முடியும் வரை கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே டிரிஃப்ட் ஆகும். இந்நிலையில் வாகனத்தின் முன்பகுதி வளைவின் உட்புறத்தை நோக்கியிருக்கும். முன் சக்கரங்களோ எதிர்ப்புறமாகத் திருப்பப்பட்டிருக்கும்.

சறுக்கலைத் தொடங்கப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

- கைத்தடையை ஒரு கணம் இழுத்துப் பின் சக்கரங்களைப் பூட்டுதல்.
- கிளட்ச்சை விரைவாக மிதித்து விடுவித்துப் பின் சக்கரங்களுக்குத் திடீர் விசை அளித்தல்.
- வளைவுக்கு எதிர்த்திசையில் முதலில் சற்றே திருப்பி, எடை மறுபக்கம் சாயும் வேகத்தைப் பயன்படுத்தி உள்ளே திருப்புதல்.
- பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் நகர்வதால் இலேசாகும் பின்பகுதியைச் சறுக்க விடுதல்.

சறுக்கலைத் தொடங்குவது எளிது; அதைத் தொடர்வதே கடினம். ஸ்டியரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் ஓட்டுநர் இடைவிடாது சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் முன்புறமும், இயங்கும் சக்கரங்கள் பின்புறமும் அமைந்த வாகனங்களே இதற்கு ஏற்றவை.

தார்ச் சாலையில் டயரின் பிடிப்பு மிக அதிகமாக இருப்பது சிறிய சறுக்கு கோணத்தில் ஆகும். கோணம் பெரிதாகும்போது வேகம் குறைகிறது. டயரும் விரைவில் தேய்கிறது. எனவே பெரிய கோணத்தில் சறுக்கிச் செல்வது பந்தயத்தில் பொதுவாக நேர இழப்பையே தரும். இக்காரணத்தால், வெற்றிக்காக ஓடும் பந்தயத்திலிருந்து டிரிஃப்ட் தனி விளையாட்டாகப் பிரிய நேர்ந்தது.

பந்தய வாழ்க்கை

தொடக்கம்

சுச்சியா 1977 இல் ஃபுஜி பந்தயத் தடத்தில் நடைபெற்ற ஃபிரெஷ்மன் தொடரில் அறிமுகமானார். இது புதிய ஓட்டுநர்களுக்கான தொடராகும். 1984 இல் இத்தொடரில் யோகோஹாமா டயர் நிறுவனத்தின் அட்வான் வண்ணம் பூசிய டொயோட்டா ஸ்பிரிண்டர் டுரூனோ ஏஇ86 வாகனத்தை ஓட்டி வெற்றிகள் பெற்றார். வளைவுகளில் சறுக்கியபடியே நுழையும் இவரது பாணி பார்வையாளர்களைக் கவர்ந்தது. "டிரிஃப்ட் மன்னன்" என்ற பெயர் இதிலிருந்தே நிலைபெற்றது.

ஏஇ86 வகை 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்டது. 1587 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஞ்சினைக் கொண்டது. அதே தலைமுறைக் கொரோலாவின் ஏனைய வகைகள் பல முன்சக்கர இயக்கத்துக்கு மாறியபோதும் இது பின்சக்கர இயக்கத்துடனேயே வெளிவந்தது. எடை குறைவு, விலையும் குறைவு. வலிமை மிகுந்த வாகனம் அன்று. ஆகையால் வளைவுகளில் வேகத்தை இழக்காமல் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கே இது பயன் தரும். ஜப்பானிய ஆர்வலர்கள் இதை "ஹாச்சிரோகு" அதாவது "எட்டு-ஆறு" என அழைக்கின்றனர். இதன் நினைவாகவே டொயோட்டா நிறுவனம் 2012 இல் வெளியிட்ட தன் பின்சக்கர இயக்க வாகனத்திற்கு "86" எனப் பெயரிட்டது.

மலைச் சாலை ஓட்டமும் உரிமத் தடையும்

பந்தய ஓட்டுநரான பின்னரும் சுச்சியா மலைச் சாலைகளை விட்டுவிடவில்லை. இவர் ஏஇ86 வாகனத்தில் மலைச் சாலைகளில் சறுக்கி ஓட்டுவதைக் காட்டும் "புளஸ்பி" என்ற நிகழ்படம் 1987 இல் எடுக்கப்பட்டது. இந்நிகழ்படம் இளைஞர்களிடையே பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. பத்திரிகையில் படித்தும் கேள்விப்பட்டும் அறிந்திருந்த ஓட்டமுறையை அவர்கள் நேரடியாகக் காண முடிந்தது. பலர் அதைப் பார்த்துத் தாமும் முயன்றனர்.

பொதுச் சாலையில் இவ்வாறு ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும். எதிரே வருபவர்க்கும், பார்த்து நிற்பவர்க்கும், ஓட்டுபவர்க்கும் உயிர் ஆபத்து உண்டு. சாலை ஓட்டம் காரணமாகச் சுச்சியாவின் பந்தய உரிமம் ஒரு காலத்தில் இடைநிறுத்தப்பட்டது. சாலையில் பெற்ற திறமையால் தடத்திற்கு வந்தவர், அச்சாலையின் காரணமாகவே தடத்தை இழக்கும் நிலைக்கு ஆளானார். பிற்காலத்தில் இவர் ஈடுபட்ட முயற்சிகள் பலவும் இவ்வகை ஓட்டத்திற்கு மூடிய தடங்களில் இடம் அமைத்துத் தருவனவாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

குனிமிட்சு தகாஹாஷி

சுச்சியா தம் ஓட்டமுறைக்கு முன்னோடியாகக் குறிப்பிடுபவர் குனிமிட்சு தகாஹாஷி (1940 - 2022) ஆவார். தகாஹாஷி முதலில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக விளங்கினார். 1961 இல் மேற்கு ஜெர்மனியின் ஹோக்கன்ஹைம் தடத்தில் 250 கன செ.மீ. பிரிவில் ஹோண்டா வண்டியில் வென்று, உலக வாகையர் தொடரின் பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். 1962 இல் மான் தீவுப் பந்தயத்தில் கடுமையாகக் காயமடைந்தார். பின்னர் தானுந்துப் பந்தயத்திற்கு மாறினார். 1970களின் தொடக்கத்தில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வாகனத்தில் வளைவுகளுக்குள் மிகுந்த வேகத்துடன் சறுக்கி நுழைந்து வெளியேறும் இவரது பாணி பெயர் பெற்றது. டிரிஃப்ட் ஓட்டமுறையின் தந்தை எனப் பலரால் இவர் குறிக்கப்படுகிறார்.

இளம் வயதில் வியந்து பார்த்த இவருடனேயே இணைந்து ஓட்டும் வாய்ப்பு சுச்சியாவுக்குப் பின்னர் கிடைத்தது. 1993 இல் அனைத்து ஜப்பான் சுற்றுலாத் தானுந்து வாகையர் தொடரில் இருவரும் ஒரே நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வாகனத்தை மாறி மாறி ஓட்டினர்.

லெ மான்ஸ்

லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு வாகனத்தை மூன்று ஓட்டுநர்கள் வரை மாறி மாறி ஓட்டுவர். சுச்சியா 1994 இல் தகாஹாஷி, அகிரா ஈடா ஆகியோருடன் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வாகனத்தில் இப்பந்தயத்தில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு இதே மூவரும் தகாஹாஷியின் பெயரால் அமைந்த டீம் குனிமிட்சு அணிக்காக ஓட்டினர்.

1995 ஆம் ஆண்டுப் பந்தயத்தின் பெரும்பகுதி மழையில் நடைபெற்றது. ஈரத் தடத்தில், இரவிலும் பகலிலும், வாகனத்தைத் தடத்தை விட்டு விலகாமல் காப்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. என்எஸ்எக்ஸ் வாகனம் ஒட்டுமொத்தமாக எட்டாம் இடத்தையும் ஜிடி2 பிரிவில் முதலிடத்தையும் பெற்றது. அப்போது தகாஹாஷிக்கு வயது 55, சுச்சியாவுக்கு 39. அப்பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் வாகனத்தின் மூவருள் ஒருவரான மசனோரி செக்கியா, லெ மான்ஸில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் ஆவார்.

1998 இல் சுச்சியா டொயோட்டா தொழிற்சாலை அணியில் சேர்ந்தார். உக்கியோ கதயாமா, தோஷியோ சுசுகி ஆகியோருடன் டொயோட்டா ஜிடி-ஒன் வாகனத்தை ஓட்டி ஒன்பதாம் இடம் பெற்றார். 1999 இல் அணியின் மற்ற இரு வாகனங்களும் விபத்துகளால் விலகின. இம்மூவரின் வாகனம் மட்டும் எஞ்சி, முதலிடத்தில் இருந்த பிஎம்டபிள்யூ வி12 எல்எம்ஆர் வாகனத்தைத் துரத்தியது. இறுதிக் கட்டத்தில் கதயாமா ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்புற டயர் வெடித்தது. வாகனத்தை அவர் கவிழாமல் காத்து நிறுத்தகத்துக்குக் கொண்டுவந்த போதிலும், முன்னணியை எட்டும் வாய்ப்பு பறிபோயிற்று. பிஎம்டபிள்யூ 365 சுற்றுகளும் டொயோட்டா 364 சுற்றுகளும் முடித்தன.

லெ மான்ஸ் முடிவுகள் (தேர்ந்தெடுத்தவை)

- 1995: ஹோண்டா என்எஸ்எக்ஸ், ஒட்டுமொத்தம் 8 ஆம் இடம், ஜிடி2 பிரிவில் 1 ஆம் இடம்
- 1998: டொயோட்டா ஜிடி-ஒன், ஒட்டுமொத்தம் 9 ஆம் இடம்
- 1999: டொயோட்டா ஜிடி-ஒன், ஒட்டுமொத்தம் 2 ஆம் இடம்

ஓய்வு

தம் பந்தய வாழ்வின் இறுதி ஆண்டுகளில் சுச்சியா அனைத்து ஜப்பான் ஜிடி வாகையர் தொடரில், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் அகுரி சுசுகியின் ஆர்ட்டா அணிக்காக ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டினார். 2003 ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் அவ்வணியின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

வர்ணனையாளராக

ஜப்பானில் 1987 இல் தொடங்கப்பட்ட "பெஸ்ட் மோட்டரிங்" நிகழ்பட இதழ், பந்தய ஓட்டுநர்களைக் கொண்டு புதிய வாகனங்களைத் தடத்தில் ஓட்டிச் சோதித்து வெளியிட்டது. ஓட்டுநர்கள் பந்தயத்தின் நடுவிலேயே, வாகனத்தில் பொருத்திய படக்கருவியை நோக்கிப் பேசிக்கொண்டு ஓட்டுவது இதன் தனித்தன்மை ஆகும். பின் சக்கரங்கள் எப்போது பிடிப்பை இழக்கின்றன, பிரேக் எங்கே தளர்கிறது, முன்னே செல்பவர் எங்கே தவறு செய்வார் என்பனவற்றை அந்தந்தக் கணத்திலேயே சொல்வர். சுச்சியா இதிலும், இதன் துணை வெளியீடான "ஹாட் வெர்ஷன்" இதழிலும் தொடர்ந்து பங்கேற்றார். பெஸ்ட் மோட்டரிங் 2011 இல் நிறுத்தப்பட்டது. ஹாட் வெர்ஷன் அதன் பின்னரும் தொடர்ந்தது.

ஹாட் வெர்ஷனில் இடம்பெற்ற மலைச் சாலைப் போட்டிகள் இங்கு குறிப்பிடத்தக்கவை. பார்ப்பதற்கு மலைச் சாலை போலவே குறுகியும் வளைந்தும் இருக்கும் இவ்விடம் உண்மையில் பொதுச் சாலை அன்று. இது குன்மா மிதிவண்டி விளையாட்டு மையத்தின் மூடிய பாதையாகும். சீரமைக்கப்பட்ட இரு வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். பின்னர் இடம் மாறி மீண்டும் ஓடும். முன்னர் இரவில் ஒளிந்து நடந்த போட்டி, இங்கு எதிரே எந்த வாகனமும் வராத பாதையில், பகலில், படக்கருவிகளுக்கு முன் நடந்தது. சுச்சியா இப்போட்டிகளில் ஓட்டுநராகவும், முடிவுகளை விளக்கும் வர்ணனையாளராகவும் தோன்றினார்.

இவரது வர்ணனை எளிய பேச்சு நடையில் அமைந்தது. குறைகளை நேரடியாகச் சொல்லிவிடுவதும், நல்ல ஓட்டத்தைக் கண்டால் உரக்கச் சிரித்துப் பாராட்டுவதும் இவரது இயல்பு.

டிரிஃப்ட் நடுவராக

டி1 கிராண்ட் பிரீ

1980களின் பிற்பகுதியில் ஜப்பானிய வாகன இதழ்கள் டிரிஃப்ட் போட்டிகளை நடத்தத் தொடங்கின. "ஆப்ஷன்" இதழின் நிறுவனர் டைஜிரோ இனாடாவும் சுச்சியாவும் இவ்வகைப் போட்டிகளில் இணைந்து பணியாற்றினர். இதன் தொடர்ச்சியாக 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபுக்குஷிமா மாகாணத்தின் எபிசு பந்தயத் தடத்தில் தொழில்முறை டிரிஃப்ட் போட்டி ஒன்று நடைபெற்றது. 2001 முதல் இது டி1 கிராண்ட் பிரீ என்ற பெயரில் ஆண்டுத் தொடராக நடத்தப்பட்டது. சுச்சியா இதன் தலைமை நடுவராக விளங்கினார்.

2001 ஆம் ஆண்டு வாகையர் பட்டத்தை நொபுதெரு தனிகுச்சி வென்றார். இவர் பின்னர் சூப்பர் ஜிடி தொடரின் ஜிடி300 பிரிவிலும் வாகையர் ஆனார். டிரிஃப்ட் ஓட்டுநர்கள் பந்தய ஓட்டுநர்களுக்குத் திறமையில் குறைந்தவர்கள் அல்லர் என்பதற்கு இவர் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறார்.

2003 ஆகஸ்ட் மாதத்தில் டி1 போட்டி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள இர்விண்டேல் தடத்தில் நடைபெற்றது. அடுத்த ஆண்டு அந்நாட்டில் ஃபார்முலா டிரிஃப்ட் என்ற தனித் தொடர் தொடங்கியது.

மதிப்பிடும் முறை

பந்தயத்தில் முதலில் கோட்டைக் கடந்தவர் வென்றவர். இதைக் கடிகாரம் தீர்மானிக்கிறது. டிரிஃப்ட் போட்டியில் நேரம் முடிவைத் தீர்மானிப்பதில்லை. சீருடற்பயிற்சி, பனிச்சறுக்கு நடனம் போன்றவற்றைப் போல நடுவர்கள் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். டி1 போட்டியில் தொடக்க ஆண்டுகளில் கருத்தில் கொள்ளப்பட்டவை:

- வேகம்: குறிப்பாக வளைவில் நுழையும் வேகம்.
- கோணம்: வாகனம் செல்லும் திசைக்கும் அதன் முகம் நோக்கும் திசைக்கும் இடையிலான கோணம்.
- பாதை: நடுவர்கள் முன்னரே குறித்த புள்ளிகளை ஒட்டிச் செல்கிறதா என்பது.
- துணிவும் கவர்ச்சியும்: தயக்கமின்றி ஓட்டிப் பார்வையாளர்களைக் கவர்தல்.

முதல் கட்டமான "தான்சோ" ஓட்டத்தில் ஒவ்வொருவரும் தனியே ஓட்டி மதிப்பெண் பெறுவர். தேர்ந்தவர்கள் "சுயிசோ" எனப்படும் இணை ஓட்டத்தில் மோதுவர். இதில் ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் அவரை ஒட்டியபடி சறுக்கிச் செல்ல வேண்டும். பின்னர் இடம் மாறி மீண்டும் ஓட்டுவர். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் உள்ள பத்துப் புள்ளிகளை நடுவர்கள் இருவருக்கும் பங்கிட்டனர். சமநிலை எனில் 5க்கு 5 எனப் பங்கிடப்பட்டது. ஒருவர் கட்டுப்பாடு இழந்து சுழன்றுவிட்டால் அவருக்குப் புள்ளி கிடைக்கவில்லை. தீர்க்க முடியாதபோது மீண்டும் ஓட்டச் சொன்னனர்.

கோணத்தைப் பெரிதாக்கினால் வேகம் குறையும். வேகத்தைக் கூட்டினால் கோணத்தைக் காப்பது கடினம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நடுவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதனால், எந்த விளையாட்டிலும் எழும் "நடுவரின் கண்ணை எவ்வளவு நம்பலாம்" என்ற கேள்வி இங்கு மிகுதியாக எழுந்தது. நடுவரின் விருப்பத்திற்கேற்ப முடிவு மாறும் என்பது டிரிஃப்ட்டின் மீது வைக்கப்படும் பொதுவான விமரிசனம் ஆகும். அதே வேளையில், ஓட்டுநர் வேண்டுமென்றே எடுத்த துணிவையும் தற்செயலாகத் தப்பிய பிழையையும் பிரித்தறிய அனுபவம் தேவை என்பதும் மறுக்க இயலாதது. முன்னாள் பந்தய ஓட்டுநர்கள் நடுவர்களாக அமர்த்தப்படுவதற்கு இதுவே காரணம்.

விலகல்

2010 ஆம் ஆண்டின் இறுதியில் சுச்சியாவும் இனாடாவும் தாம் உருவாக்கிய டி1 அமைப்பிலிருந்து விலகினர். 2011 இல் இருவரும் டிரிஃப்ட் மசில் என்ற புதிய தொடரைத் தொடங்கினர்.

டி1 அமைப்பு அடுத்த சில ஆண்டுகளில், வாகனத்தில் பொருத்திய உணர்கருவிகளின் மூலம் வேகத்தையும் கோண மாற்றத்தையும் அளந்து தனி ஓட்டத்திற்கு மதிப்பெண் கணக்கிடும் டாஸ் என்ற முறையைக் கையாளத் தொடங்கியது. இணை ஓட்டத்தில் நடுவர்களின் பங்கு தொடர்ந்தது. 2017 இல் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு டோக்கியோவின் ஒடைபா பகுதியில் தன் முதல் கண்டங்களிடை டிரிஃப்ட் கோப்பையை நடத்தியது. மலைச் சாலையில் குற்றமாகக் கருதப்பட்ட ஓட்டமுறை, உலகப் பந்தயங்களை ஆளும் அமைப்பின் ஏற்பைப் பெறுவதற்கு, புளஸ்பி நிகழ்படம் எடுக்கப்பட்டதிலிருந்து முப்பது ஆண்டுகள் ஆயின.

மக்கள் பண்பாட்டில்

ஷூயிச்சி ஷிகெனோ வரைந்து 1995 முதல் 2013 வரை வெளிவந்த "இனிஷியல் டி" என்ற படக்கதைத் தொடர், ஏஇ86 வாகனத்தில் மலைச் சாலை வழியாகத் தோஃபு கொண்டுசெல்லும் தக்குமி ஃபுஜிவாரா என்ற இளைஞனைப் பற்றியது. 1998 இல் இது இயங்குபடத் தொடராக வெளிவந்தபோது ஓட்டக் காட்சிகளுக்கான ஆலோசகராகச் சுச்சியா பணியாற்றினார். எஞ்சின் ஒலி, கியர் மாற்றம், காலசைவு ஆகியவை நம்பத்தக்கவையாக அமைய இவரது அறிவு பயன்பட்டது. சுச்சியாவும் அவரது ஏஇ86 வாகனமும் இக்கதைக்குத் தூண்டுதலாக இருந்தன என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கதையின் வழியாகவே ஆசிய நாடுகள் பலவற்றில் டிரிஃப்ட் அறியப்பட்டது.

2006 இல் ஜஸ்டின் லின் இயக்கத்தில் வெளிவந்த "தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்: டோக்கியோ டிரிஃப்ட்" என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் சாகச ஓட்டக் காட்சிகளில் சுச்சியா பங்களித்தார். கதைத்தலைவன் துறைமுகத்தில் டிரிஃப்ட் பழகும் காட்சியில், அதைப் பார்த்து வியப்படையாமல் குறை கூறும் மீனவராகச் சிறு வேடத்திலும் தோன்றினார். மன்னனே மீனவராக அமர்ந்து தொடக்கநிலை ஓட்டுநரை எடைபோடும் இக்காட்சி, அவரை அறிந்த பார்வையாளர்களால் விரும்பப்பட்டது. 1994 இல் இவர் பெயரைத் தாங்கிய நிகழ்பட விளையாட்டு ஒன்றும் ஜப்பானில் வெளியானது.

மதிப்பீடு

பந்தய முடிவுகளை மட்டும் கொண்டு பார்த்தால், சுச்சியாவை விட அதிக வாகையர் பட்டங்கள் பெற்ற ஜப்பானிய ஓட்டுநர்கள் பலர் உள்ளனர். டிரிஃப்ட்டை முதலில் கையாண்டவரும் இவர் அல்லர். அப்பெருமை தகாஹாஷிக்கு உரியது. சுச்சியாவின் பங்களிப்பு அதை மற்றவர்கள் கற்கவும், பார்க்கவும், மதிப்பிடவும் கூடியதாக ஆக்கியதில் உள்ளது. நிகழ்படங்களின் வழியாக அதைக் காட்டினார், வர்ணனையின் வழியாக விளக்கினார், நடுவராக அமர்ந்து நல்ல சறுக்கலுக்கும் வெறும் சறுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை வரையறுக்க உதவினார்.

இவரது மலைச் சாலை நிகழ்படத்தைப் பார்த்து ஆபத்தான முறையில் சாலைகளில் ஓட்டியவர்களும் உண்டு என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம் ஆகும். அவ்விளைஞர்களுக்கு மூடிய தடமும், விதியும், நடுவரும் அமைந்த போட்டி ஒன்று உருவானதிலும் இவருக்கே பெரும் பங்கு இருந்தது.